வெல்ல வேண்டியவரும் தோலாதிருக்க வேண்டியவரும்



உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்பதை நம் நாட்டவர்க்கு எவரும் எடுத்து விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நம் நாட்டுப் போரன்று. 1861ஆம் ஆண்டு முதல் 1865ஆம் ஆண்டு வரை ஐக்கிய அமெரிக்காவின் வடபுலத்தாரும் தென்புலத்தாரும் தம்முட் பொருத போர் அது. அதன் கதை முழுவதையும் இச்சிறு பொழுதிற் சொல்லி முடித்தல் இயலாது. இரு திறத்தாரும் எவ்வகை எண்ணத்தோடு போரை நடத்தினர், யாருடைய எண்ணம் எவ்விடத்தில் முறிந்தது என்ற ஒன்றை மட்டுமே பார்க்கப் போகின்றோம்.

திருக்குறளின் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. இந்த அமெரிக்கப் போரை ஆராயப் புகுவோனுக்கு இம்மூன்று தலைப்புகளுமே போதிய அளவுகோல்கள் ஆகும். வலி முழுவதும் வடக்கின் பக்கத்தில் இருந்தது. வடக்கின் மக்கள் தொகை ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம். பிரிந்துபோன பதினொரு தென் மாநிலங்களின் தொகை 90 இலட்சம். அதிலும் 35 இலட்சம் பேர் அடிமைகள். நாட்டின் தொழிற்சாலைகள் ஆக்கிய பொருள்களிலே பத்தில் ஒன்பது பங்கு வடக்கிலிருந்து வந்தது. வடக்கில் 22,000 மைல் இருப்புப்பாதை. தெற்கில் 9,000 மைல். இக்கணக்கை மட்டும் பார்த்தால் போர் ஓராண்டும் நின்றிருக்கலாகாது. அது நான்கு ஆண்டு நின்றது. ஒரு கட்டத்தில் தென்புலம் வென்றுவிடும் போலவும் தோன்றியது. அதற்குக் காரணம் காலமும் இடமும் தென்புலத்தின் பக்கத்தில் இருந்தமையே.

வடபுலத்தார் வெல்ல வேண்டும். பிரிந்துபோனவர்களை மீண்டும் ஒன்றியத்துள் சேர்ப்பதே அவர்கள் நோக்கமாதலால், தென்னாட்டினுட் புகுந்து, அதன் படைகளை முறித்து, அதன் நகரங்களைப் பிடித்து, மக்களின் மன உறுதியையும் தளர்த்தியாக வேண்டும். அந்நாட்டின் பரப்போ ஏறத்தாழ ஏழரை இலட்சம் சதுர மைல். நம் இலங்கையைப் போல முப்பது மடங்கு. தென்புலத்தார்க்கு இவையெல்லாம் வேண்டியதில்லை. அவர்கள் வாஷிங்டன் நகரைப் பிடிக்க வேண்டியதில்லை. நியூயோர்க்கை ஆள வேண்டியதுமில்லை. தோலாதிருந்தாற் போதும். எதிரி களைத்துப் போரைக் கைவிடும்வரை நின்றுவிட்டால் வெற்றி தானே வந்து சேரும். அவர்களுடைய பாட்டன்மார் பிரித்தானியப் பேரரசிடமிருந்து விடுதலை பெற்றதும் இவ்வாறே. ஜோர்ஜ் வாஷிங்டன் வென்ற போர்களிலும் தோற்றவை பல. ஆயினும் அவர் படை அழியாது நின்றது. ஈற்றிலே பிரித்தானியர் சலித்துப் போயினர்.

வடபுலத்தின் முதற்றிட்டத்தை வகுத்தவர் வின்பீல்ட் ஸ்கொட் என்னும் முதுபெருந் தளபதி. போர் மூண்டபோது அவருக்கு வயது 74. குதிரை மீது ஏறி அமரவும் உடல் இடங்கொடாத நிலை. படுக்கையிலிருந்தே போரை நடத்துகின்றார் என்று இளையோர் எள்ளினர். ஆனால் அறிவு மங்கவில்லை. தெற்கின் துறைமுகங்கள் யாவற்றையும் கப்பற்படையால் அடைத்துவிடுவது, மிசிசிப்பி ஆற்றின் வழியே படகுகளோடு இறங்கித் தென்னாட்டை இரு கூறாக்குவது, பின்னர்ப் பொறுத்திருந்து இறுக்குவது: இதுவே அவர் சொன்ன வழி. பத்திரிகைகள் இதற்கு அனகொண்டாத் திட்டம் என்று பெயரிட்டுச் சிரித்தன. அனகொண்டா என்பது தென்னமெரிக்காவில் வாழும் பெரிய மலைப்பாம்பு. பாம்பு சுற்றி நெரித்து முடிக்கும்வரை காத்திருக்க வடநாட்டு மக்களுக்குப் பொறுமை இல்லை. தெற்கின் தலைநகரமான றிச்மன்ட், வாஷிங்டனிலிருந்து ஏறத்தாழ நூறு மைல் தூரத்திலேயே இருந்தது. அங்கே படை செல்லட்டும், ஒரே போரில் முடியட்டும் என்று நாடெங்கும் கூக்குரல் எழுந்தது.

1861 யூலை 21ஆந் திகதி புல் றன் என்னும் ஓடைக்கரையில் அந்த ஒரே போர் நடந்தது. முற்பகலில் வடபுலத்தார் வெல்லும் நிலையில் இருந்தனர். ஆனால் மலைக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் நின்ற தென்புலப் படையொன்று புகையிரதத்தில் ஏறி வந்து களத்தில் இறங்கியது. வடபுலப் படை நிலைகுலைந்து தலைநகரை நோக்கி ஓடிற்று. இடத்தின் பயன் இது. உள்ளே நிற்பவன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குறுக்கு வழியில் விரைந்து செல்வான். வெளியே நிற்பவன் சுற்றி வரவேண்டும். புகையிரதத்தில் வந்த அப்படையின் தலைவர் பெயர் ஜோசெப் ஜோன்ஸ்டன். அவர் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆபிரகாம் லிங்கன் போர்க்கலை கற்றவர் அல்லர். ஜனாதிபதியான பின்னரே நூலகத்திலிருந்து போர் நூல்களை எடுத்துவரச் செய்து இரவிலே படித்தார். ஆயினும் 1862ஆம் ஆண்டு சனவரி மாதத்திலேயே தம் தளபதி ஒருவருக்கு எழுதிய மடலில் இச்சிக்கலின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். நம்மிடம் ஆட்கள் மிகுதி. எதிரிக்கோ ஓரிடத்திற் குவியும் வசதி மிகுதி. ஆகவே பல இடங்களில் ஒரே நேரத்தில் அழுத்தினால், அவன் ஓரிடத்தைக் காக்கும்போது மற்றோரிடம் நம் கைக்கு வரும் என்பது அதன் கருத்து. சட்டத்தரணி ஒருவர் கண்ட இவ்வுண்மை பயிற்சி பெற்ற தளபதியர்க்கு விளங்க இரண்டு ஆண்டு சென்றது. ஒருவர் முன்னேறும்போது மற்றவர் ஆயத்தஞ் செய்துகொண்டிருப்பார். மற்றவர் புறப்படும்போது முன்னவர் இளைப்பாறுவார். போர் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

தென்புலத்தின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் போர்க்கல்லூரியிற் பயின்றவர். முன்னர் ஒன்றிய அரசின் போர் அமைச்சராகவும் இருந்தவர். காத்து நிற்பது, சமயம் வாய்க்கும்போது பாய்ந்து அடிப்பது என்பது அவர் கொள்கை. சொல்லும்போது நன்றாயிருந்த கொள்கை செயலிலே சிதறிற்று. தம் மாநிலத்தின் எல்லையைக் காக்கப் படை வேண்டும் என்று ஒவ்வோர் ஆளுநரும் நெருக்கினர். கடற்கரையிலே கொஞ்சம், மலையிலே கொஞ்சம், ஆற்றங்கரையிலே கொஞ்சம் எனப் படை நூல் போல் இழுக்கப்பட்டது. 1862 பெப்ரவரியில் யுலிசிஸ் கிறாண்ட் என்னும் பெயரறியாத் தளபதி ஒருவர் தென்னசி மாநிலத்திலே இரண்டு ஆற்றுக் கோட்டைகளைப் பிடித்தபோது அந்நூல் அறுந்தது. ஏப்பிரில் மாதத்திலே தெற்கின் மிகப் பெரிய நகரமான நியூ ஓர்லியன்சும் கப்பற்படையிடம் வீழ்ந்தது.

பருத்தியை நம்பிய கதையும் அத்தகையதே. தம் பருத்தி வராவிட்டால் இங்கிலாந்தின் ஆலைகள் நின்றுவிடும், பிரித்தானியா தமக்குத் துணையாக இறங்கும் என்று தென்புலத்தார் கணக்கிட்டு, முதலாண்டிலே தாமே பருத்தியைக் கப்பலேற்றாது தடுத்தனர். ஆலைகளில் முன்னைய விளைச்சலின் இருப்பு நிறைய இருந்தது. அது தீர்ந்தபின் லங்காஷயர் தொழிலாளர் பட்டினி கிடந்தது உண்மையே. ஆயினும் பிரித்தானிய அரசு அசையவில்லை. வணிகர் எகிப்தையும் இந்தியாவையும் நாடினர். நமக்கு எதிர்க்கரையிலே திருநெல்வேலிப் பருத்தியும் அந்நாளில் விலையேற்றம் கண்டது. தென்புலத்தார் விற்க விரும்பிய காலத்தில் அவர்கள் துறைமுகங்களுக்கு முன்னே வடபுலக் கப்பல்கள் நின்றன.

1862 யூன் முதலாந் திகதி வேர்ஜினியாவில் நின்ற பெரும் படையின் தலைமை றொபேட் லீயின் கைக்கு வந்தது. முன்னாள் இரவிலே காயப்பட்டு வீழ்ந்த ஜோசெப் ஜோன்ஸ்டனின் இடத்துக்கே அவர் வந்தார். நம் புறத்திணை நூலார் மதிலைக் காத்து நிற்பதை நொச்சி என்றும், இரு படையும் களங்குறித்து எதிர்நின்று பொருவதைத் தும்பை என்றும் வகுத்தனர். தென்புலத்தின் நிலைமை நொச்சிக்கு உரியது. லீயோ தும்பை சூடினார். அவர் சொன்ன காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. முற்றுகைக்குள் அகப்பட்டால் முடிவு நாட்கணக்கே. வலி மிகுந்தவனுக்கு அவகாசங் கொடுத்தால் அவன் வலி இன்னும் மிகும். ஆதலால் அவனுடைய நாட்டினுள்ளேயே புகுந்து, ஒரு பேரடியால் வடநாட்டு மக்களின் மன உறுதியைக் குலைக்க வேண்டும் என்று அவர் கருதினார். ஒரே மாதத்திலே றிச்மன்ட் வாயிலில் நின்ற எதிரியை ஏழு நாட் போரில் அவர் துரத்தினார். ஆனால் அதற்குக் கொடுத்த விலை 20,000 பேர். வென்றவர் இழந்தது தோற்றவர் இழந்ததிலும் அதிகம். செப்டெம்பர் 17ஆந் திகதி அன்டீற்றம் களத்திலே ஒரே பகலில் இரு திறத்தும் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். வடக்கு இழந்த இடத்தை நிரப்ப ஆட்கள் இருந்தனர். தெற்கிற்கு அவ்வாறு இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். தெற்கிலே நிலம் மிகுதி. நிலத்தைக் கொடுத்துக் காலத்தை வாங்கியிருக்கலாமே? 1812இலே உருசியத் தளபதி குதூசவ் மொஸ்கோவையே நெப்போலியனுக்கு விட்டுப் பின்வாங்கி, ஈற்றிலே அவனை வென்றாரல்லவா? பரந்த நாட்டையுடைய தென்புலத்தார் அவ்வழியை ஏன் கொள்ளவில்லை?

விடை போரின் காரணத்திலேயே இருக்கின்றது. தென்புலத்தார் பிரிந்தது அடிமை முறையைக் காப்பதற்கு. உருசியக் குடியானவனின் நிலத்தை எதிரி மிதித்துப் போனால், போனபின் அவன் திரும்பிவந்து உழுவான். தென்னாட்டுத் தோட்டத்தை வடபுலப் படை மிதித்துப் போனால் அங்கே உழுவதற்கு அடிமை இருக்கமாட்டான். போர் தொடங்கிய அடுத்த மாதமே, 1861 மே மாதத்தில், தென்புலப் படைக்காக அரண் கட்டிக்கொண்டிருந்த அடிமைகள் மூவர் இரவோடிரவாக ஓடி, வேர்ஜினியாக் கரையிலே வடபுலத்தார் வசமிருந்த மன்றோக் கோட்டையை அடைந்தனர். அவர்களைத் திருப்பித் தருமாறு உரிமையாளரின் தூதன் வந்து கேட்டான். எதிரியின் போர்ப்பொருளைக் கைப்பற்றுவது போரின் வழக்கு. உங்கள் சட்டப்படி இவர்கள் பொருள்கள்தாமே என்று கூறிக் கோட்டைத் தளபதி பட்லர் மறுத்துவிட்டார். மூவர் முந்நூறாயினர், பின் ஆயிரக்கணக்காயினர். 1863 சனவரி முதலாந் திகதி லிங்கன் விடுதலைப் பிரகடனத்தை நடைமுறைப்படுத்தினார். போர் முடியுமுன் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின மக்கள் வடபுலப் படையிற் சேர்ந்திருந்தனர். ஆகவே தென்புலம் விட்டுக்கொடுத்த ஒவ்வொரு மைலும் அதன் உழைப்பாளரை இழந்து எதிரியின் படைவரிசையைப் பெருக்கியது. எதைக் காக்கப் போரிட்டார்களோ அதுவே தங்களுக்கேற்ற போர்முறையைக் கைக்கொள்ள விடாது அவர்களைத் தடுத்தது.

1863ஆம் ஆண்டின் கோடையைச் சுருக்கமாகச் சொல்லிப் போகலாம். மேற்கே கிறாண்ட் மிசிசிப்பியைக் கடந்து விக்ஸ்பேக் கோட்டையை முற்றுகையிட்டார். கிழக்கிலிருந்து அங்கே படை அனுப்பலாமா என்று றிச்மன்டிலே ஆலோசித்தார்கள், லீ உடன்படவில்லை. அவர் பென்சில்வேனியாவுக்குட் புகுந்தார். யூலை முதல் மூன்று நாளும் கெற்றிஸ்பேக்கிலே நடந்த போரில் தம் படையின் மூன்றிலொரு பங்கை இழந்து மீண்டார். அடுத்த நாளாகிய யூலை 4ஆந் திகதி விக்ஸ்பேக் சரணடைந்தது. ஏறத்தாழ 30,000 போர்வீரர் ஆயுதங்களை ஒப்படைத்தனர். சில நாளில் மிசிசிப்பி முழுவதும் வடக்கின் கைக்கு வந்தது. எள்ளப்பட்ட கிழவர் ஸ்கொட்டின் திட்டத்திலே பாதி நிறைவேறிவிட்டது.

1864 மார்ச்சிலே கிறாண்ட் வடபுலப் படைகள் அனைத்துக்கும் தலைவரானார். லிங்கன் 1862இல் எழுதியதை அவர் செயலாக்கினார். மே மாதத்திலே எல்லா முனைகளிலும் படைகள் ஒருங்கே அசைந்தன. சிறு படைகளின் தளபதியர்க்கும் வேலை இருந்தது. தோலுரிக்கத் தெரியாதவன் காலையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்பது போல லிங்கன் தம் நாட்டுப்புற வழக்கிற் சொல்லி மகிழ்ந்தாராம். றிச்மன்ட் இனி இலக்கன்று, லீயின் படையே இலக்கு என்பது கிறாண்டின் கட்டளை. தோற்றாலும் திரும்பாது அவர் தெற்கே நகர்ந்தார். காட்டிலும் பதுங்குகுழிகளிலும் ஆறு வாரங்களில் அவர் இழந்தவர் 50,000 பேருக்கு மேல். வடநாட்டுப் பத்திரிகைகள் நாள்தோறும் பெயர்ப்பட்டியல்களை அச்சிட்டன. கசாப்புக்காரன் என்று கிறாண்டை ஏசினர். ஆனால் யூன் மாத நடுவிலே லீ பீற்றர்ஸ்பேக் அரண்களுக்குள் அடைபட்டார். அவர் எந்நாளும் அஞ்சிய முற்றுகை அதுவே.

இதே வேளையில் ஜோர்ஜியா மாநிலத்திலே நடந்ததைத்தான் நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன். அங்கே வடபுலத் தளபதி வில்லியம் ஷேர்மன் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரோடு அட்லான்டா நகரை நோக்கி வந்தார். எதிர்த்து நின்றவர், காயம் ஆறி மீண்ட அதே ஜோசெப் ஜோன்ஸ்டன். அவரிடம் இருந்தது அதிலே பாதிக்குச் சற்று மேல். அவர் தும்பை சூடவில்லை. குன்றுகளில் அரண் செய்து நிற்பார். ஷேர்மன் பக்கவாட்டிற் சுற்றி வருவார். அகப்படுமுன் ஜோன்ஸ்டன் அடுத்த குன்றுக்குப் பின்வாங்குவார். இவ்வாறு பத்து வாரங்களில் நூறு மைல். ஒரே ஒரு முறை, யூன் 27ஆந் திகதி, கெனெசோ மலையில் ஷேர்மன் பொறுமையிழந்து நேரே மோதினார்; ஏறத்தாழ 3,000 பேரை இழந்தார்; ஜோன்ஸ்டனுக்கு நேர்ந்த இழப்பு அதிலே மூன்றிலொன்றும் இல்லை.

யூலை நடுவில் வடக்கின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கிறாண்ட் பீற்றர்ஸ்பேக்கின் முன்னே அசையாது நிற்கின்றார். ஷேர்மன் அட்லான்டாவின் முன்னே நிற்கின்றார். நவம்பரிலே ஜனாதிபதித் தேர்தல். மாண்டவர் தொகை மட்டுமே மக்கள் கண்முன்னே நிற்கின்றது. ஒரு நகரமும் வீழவில்லை. தென்புலத்திற்கு வேண்டிய வெற்றி இதுதான். இன்னும் நான்கு மாதம் இவ்வாறே நின்றிருந்தாற் போதும்.

ஆனால் டேவிஸ் நிற்கவில்லை. அட்லான்டாவைக் காக்க என்ன திட்டம் என்று ஜோன்ஸ்டனைத் தந்தி மூலம் கேட்டார். எதிரியின் செயலைப் பொறுத்தது என்று தெளிவற்ற மறுமொழி வந்தது. ஜோன்ஸ்டன் வாய்திறந்து சொல்லாத இயல்பினர். இருவருக்கும் பழம் பகையும் உண்டு. ஜோர்ஜியாத் தோட்டக்காரரின் ஓலம் டேவிசின் காதிலே விழுந்துகொண்டிருந்தது. நேர்மையாகச் சொன்னால் டேவிசின் ஐயம் முற்றிலும் பொய்யென்று கூறமுடியாது; ஜோன்ஸ்டன் அட்லான்டாவையும் விட்டுப் போயிருக்கலாம். யூலை 17ஆந் திகதி அவர் நீக்கப்பட்டார். கெற்றிஸ்பேக்கிலே ஒரு கையின் பயனையும், பின்னர் வேறொரு களத்திலே ஒரு காலையும் இழந்து, குதிரையோடு கட்டப்பட்டுப் போருக்கு வந்த ஜோன் ஹூட் என்னும் இளைஞருக்குத் தலைமை கொடுக்கப்பட்டது. அவரைப் பற்றி முன்னரே வினவியபோது, துணிந்து பொருபவர், மற்றைய தகுதிகள் பற்றி ஐயமே என்று லீ எழுதியிருந்தார். தலைமை மாறியதை அறிந்த ஷேர்மன் மகிழ்ந்தார். இனி எதிரி அரணை விட்டு வெளியே வருவான் என்பது அவருக்குத் தெரியும். ஹூட் ஒன்பது நாளிலே மூன்று முறை பாய்ந்தார். பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தார்.

ஓகஸ்ட் 23ஆந் திகதி வாஷிங்டனிலே லிங்கன் ஒரு தாளில் சில வரி எழுதி, மடித்து ஒட்டி, உள்ளே என்னவென்று சொல்லாமலே அமைச்சர் யாவரிடமும் அதன் பின்புறத்திற் கையொப்பம் வாங்கினார். தாம் தேர்தலில் தோற்பது பெரும்பாலும் உறுதி, தோற்றால் அடுத்தவர் பதவியேற்குமுன் ஒன்றியத்தைக் காக்க அவரோடு ஒத்துழைக்க வேண்டும் என்பதே உள்ளே இருந்தது. அம்மாத இறுதியிலே எதிர்க்கட்சியார் சிக்காகோவிற் கூடி, போர் தோல்வியுற்றது, சண்டையை நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்தனர். அத்தீர்மானத்தின் மை உலருமுன், செப்டெம்பர் 2ஆந் திகதி, அட்லான்டா வீழ்ந்தது. நவம்பர் 8ஆந் திகதித் தேர்தலில் தேர்வாளர் வாக்குகள் லிங்கனுக்கு 212, எதிராளிக்கு 21.

அதன்பின் நடந்தது போரினும் கொடியது. நவம்பர் 15ஆந் திகதி ஷேர்மன் 60,000 பேரோடு, பின்னாலிருந்து உணவு வரும் வழியைத் தாமே துறந்து, கடலை நோக்கிப் புறப்பட்டார். படை எங்கே போயிற்றென்று வடக்கிலே பல வாரம் எவருக்கும் தெரியவில்லை. வழியிலுள்ள களஞ்சியங்களே உணவு. தண்டவாளங்களைப் பெயர்த்து, அவற்றின் கீழ்க்கிடந்த கட்டைகளையே குவித்துக் கொளுத்தி, இரும்பு பழுத்ததும் மரங்களைச் சுற்றி முறுக்கினர்; ஷேர்மனின் கழுத்துப்பட்டி என்று போர்வீரர் அதற்குப் பெயரிட்டனர். படையை எதிர்ப்பதன்றிப் படையை ஊட்டும் நாட்டையே வறிதாக்குவது அவர் நோக்கம். டிசெம்பர் 21ஆந் திகதி சவன்னா நகரம் அவர் கைக்கு வந்தது. விடுதலை தேடி ஆயிரக்கணக்கான அடிமைகள் அப்படையின் பின்னே நடந்தனர். எபனேசர் ஓடையிலே, பின்னணியிற் சென்ற வடபுலத் தளபதி ஒருவர் தம் படை கடந்ததும் மிதவைப் பாலத்தை எடுத்துவிட்டார், குதிரைப்படை துரத்தி வந்ததால் அம்மக்கள் குளிர்நீரிற் குதித்தனர், பலர் மாண்டனர். அத்தளபதியின் பெயரும், விந்தையாக, ஜெபர்சன் டேவிஸ் என்பதே.

அக்குளிர்காலத்திலே பீற்றர்ஸ்பேக் பதுங்குகுழிகளில் நின்ற லீயின் வீரர்க்கு ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. வீட்டிலே உணவில்லை என்று மனைவியர் எழுதினர். இரவுதோறும் ஆட்கள் குறைந்தனர். அடிமைகளுக்கு ஆயுதம் கொடுத்துப் படையிற் சேர்க்கலாம் என்று 1864 சனவரியிலேயே தென்புலத் தளபதி பற்றிக் கிளிபேர்ண் எழுதிக் கொடுத்த மனுவை அன்று அடக்கி வைத்திருந்தார்கள். 1865 மார்ச்சில், எல்லாம் முடிந்துகொண்டிருந்த வேளையில், அதற்குச் சட்டம் செய்தார்கள். ஏப்பிரில் 9ஆந் திகதி லீ சரணடைந்தார். நான்கு ஆண்டுகளில் இறந்தோர் 6 இலட்சத்து 20 ஆயிரம் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட கணக்கு. பின்வந்த ஆராய்ச்சியாளர் ஏழு இலட்சத்தையும் தாண்டும் என்பர். நாற்பது இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர்.

நினைவில் வைத்துக்கொள்ளுமாறு சொன்ன ஜோசெப் ஜோன்ஸ்டனை 1865 பெப்ரவரியிலே மீண்டும் அழைத்து, எஞ்சிய படையைக் கொடுத்திருந்தார்கள். ஏப்பிரில் 26ஆந் திகதி வட கரோலினாவிலே ஒரு குடியானவனின் வீட்டில் வைத்து அவர் ஷேர்மனிடம் சரணடைந்தார். பின்னாளில் இருவரும் நண்பராயினர். 1891 பெப்ரவரியிலே ஷேர்மன் இறந்தபோது, எண்பத்துநான்கு வயதுடைய ஜோன்ஸ்டன் நியூயோர்க்குக்குச் சென்று இறுதி ஊர்வலத்திலே பிரேதத்துக்கு மரியாதை செய்வோரில் ஒருவராக நின்றார். கடுங்குளிர் நாள். தொப்பியை அணிந்துகொள்ளுமாறு பக்கத்தில் நின்றவர் சொன்னாராம். என் இடத்தில் அவர் நின்றிருந்தால் அவரும் அணிந்திருக்கமாட்டார் என்று ஜோன்ஸ்டன் மறுத்தார் என்பர். ஒரு மாதம் கழித்து, மார்ச் 21ஆந் திகதி, நுரையீரற் சுரத்தினால் அவரும் இறந்தார்.